பாலை நகரின் நீரும் சொல்லும்: ஜோத்பூர் நீர்வழங்கல் வரலாற்றில் சொல்வழக்கு மாற்றம்

1. முன்னுரை

ஒரு நகரின் நீர்வழங்கல் வரலாற்றை அணை, கால்வாய், குழாய் ஆகியவற்றின் காலவரிசையாக எழுதுவது மரபு. அந்நகர மக்கள் நீருக்கும் நீர்நிலைகளுக்கும் இட்டு வழங்கிய பெயர்களின் வரலாறாகவும் அதனை எழுத இயலும். தார்ப் பாலையின் கிழக்கு விளிம்பில் அமைந்த ஜோத்பூர் இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களமாகும். அங்கு ஆண்டு மழையளவு சராசரியாக 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. 1901இல் ஓர் இலட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்டிருந்த இந்நகரம், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்து இலட்சத்தைக் கடந்தது. இந்த வளர்ச்சிக்கிடையே அதன் நீர் ஆதாரமும் நீர்ச்சொற்களும் ஒருசேர மாறின.

மார்வாரி மொழியின் நீர்ச்சொற்கள் வெறும் பொருட்பெயர்கள் போலத் தோன்றினும், உண்மையில் அவை விதிகளைக் குறிக்கும் பெயர்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து. எந்த நீர், எதற்குரியது, எவர் காப்பது என்னும் மூன்று செய்திகளை அச்சொற்கள் தம்முள் கொண்டிருந்தன. தொலைவிலிருந்து கால்வாய் நீர் வந்தபின் விதிகள் வழக்கிழந்தன. அவற்றைத் தாங்கிய சொற்களும் பின்வாங்கின. வெப்பம் மிகுந்து, கால்வாயும் அடைபடும் நாள்களில் அவ்விதிகளின் தேவை மீண்டும் எழுகிறது. இப்பொருள் பற்றிய நூல்களையும் அரசு அறிவிப்புகளையும் மொழிபெயர்ப்போர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

2. மூவகை நீர்

மேற்கு இராஜஸ்தானின் நீர் மரபுகளை விரிவாகப் பதிவு செய்தவர்களுள் காந்தி அமைதி நிறுவனத்தைச் சேர்ந்த அனுபம் மிஸ்ர குறிப்பிடத்தக்கவர். 1995இல் வெளிவந்த அவருடைய ‘ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்’ என்னும் இந்தி நூல், பாலை மக்கள் நீரை மூன்றாகப் பகுத்ததை விளக்குகிறது. மழையாக இறங்கித் தரையின் மேல் ஓடியும் தேங்கியும் கிடைப்பது ‘பாலர் பாணி’. ஆழ்கிணற்றில் கிடைக்கும் நிலத்தடி நீர் ‘பாதாள் பாணி’. மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள ஜிப்சப் படுகையால் தடுக்கப்பட்டு, உவர்ப்பான நிலத்தடி நீரோடு கலவாமல் ஈரமாகவே நிற்பது ‘ரேஜாணி பாணி’.

இப்பகுப்பு நீரின் தோற்றத்தை அடிப்படையாகக் கொண்டது; ஆயினும் அதன் பயன் நடைமுறை சார்ந்தது. பாலர் நீர் இனியது. ஆனால் ஆண்டில் சில நாள்களே கிடைப்பது. பாதாள நீர் எப்போதும் உள்ளது. ஆனால் பல இடங்களில் உவர்ப்பது. ரேஜாணி நீர் இனியதாயினும் துளித்துளியாக ஊறுவது. ஒவ்வொன்றையும் பெறுவதற்குரிய அமைப்பும் வேறு. பாலர் நீருக்குக் குளமும், வீட்டு முற்றத்திலோ வயலிலோ கட்டப்படும் ‘டாங்கா’ என்னும் மூடிய தொட்டியும் உரியன. ரேஜாணி நீருக்கு உரியது ‘குயி’. இச்சொல் கிணற்றைக் குறிக்கும் ‘குவா’ என்பதன் பெண்பால் வடிவம். இந்தோ-ஆரிய மொழிகள் பலவற்றில் பெண்பால் ஈறு சிறுமைப் பொருளையும் தரும் என்பது மொழியியலார் அறிந்ததே. எனினும் குயியைச் ‘சிறு கிணறு’ என்று பெயர்ப்பது பொருந்தாது. அதன் வாய் குறுகியது, ஆழம் குறைந்ததன்று. ஊறும் சிறிதளவு நீர் பரந்து கிடந்தால் முகக்க இயலாது. வெயிலில் ஆவியாகியும் விடும். ஆகவேதான் வாய் குறுக்கப்பட்டது. வறண்ட ஆற்று மணலைத் தோண்டி நீர் எடுக்கும் வழக்கமுள்ள தமிழ்நாட்டில் ‘ஊற்று’, ‘ஊறல்’ என்னும் சொற்கள் உள்ளன. ரேஜாணி நீரை ‘ஊறல் நீர்’ என்றும், குயியை ‘ஊறல் கிணறு’ என்றும் பெயர்த்தால் அளவைக் காட்டிலும் செயல் முன்னிற்கும்.

ஒலிபெயர்ப்பில் ஓர் எச்சரிக்கை தேவை. மார்வாரியில் நீரைக் குறிக்கும் சொல்லில் உள்ள நாவளை ணகரத்தைத் தமிழ் எழுத்து அப்படியே காட்டவல்லது. ஆனால் தமிழில் ‘பாலர் பாணி’ என்று எழுதினால் குழந்தைகளின் நடை என்று பொருள்படும். சிற்றூர்க் குளமாகிய ‘நாடி’ உடற்கூற்றுச் சொல்லாகவும், ‘ஜாலரா’ என்னும் படிக்குளம் இசைக்கருவியாகவும் தோன்றும். எனவே இச்சொற்கள் முதன்முறை வரும் இடத்தில் விளக்கத்துடன் வருவதே முறை.

3. நகரும் நீர்நிலையும்

இராவ் ஜோதா 1459இல் மண்டோரிலிருந்து தலைநகரை மாற்றிப் பாறைக் குன்றின் மேல் கோட்டை கட்டியபோது, அருகில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. நகரின் நீர், குன்றுகளிலும் வடமேற்கிலுள்ள பாறை மேட்டுநிலத்திலும் விழும் மழையே. அம்மழை கால்வாய்கள் வழியே நீர்நிலைகளுக்குக் கொண்டுவரப்பட்டது. கோட்டையின் அடிவாரத்தில் இராணிசர், பதம்சர் ஆகியன அமைந்தன. மண்டோர் செல்லும் வழியில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படும் பால்சமந்த் ஏற்கெனவே இருந்தது. 1740களில் மகாராஜா அபய் சிங்கின் அரசி ‘தூர்ஜீ கா ஜாலரா’ என்னும் படிக்குளத்தை எடுப்பித்தார். 1788இல் குலாப் சாகரும் 1872இல் கைலானா ஏரியும் உருவாயின.

இப்பெயர்களின் ஈறுகள் நோக்கத்தக்கவை. ‘சர்’ என்பது சரஸ் என்னும் வடசொல்லின் வழிவந்தது. ‘சமந்த்’ என்பது சமுத்திரம் என்பதன் திரிபு. ‘சாகர்’ என்பதும் கடலே. கடலைக் காணாத பாலை மக்கள் தம் ஏரிகளைக் கடல் என்று அழைத்தனர். தமிழகத்திலும் அம்பாசமுத்திரம் போன்ற ‘சமுத்திரம்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் பல, ஏரிகளின் பெயரால் எழுந்தவையாகக் கருதப்படுகின்றன. பாலையில் லூண்கரண்சர் போன்று ‘சர்’ என முடியும் ஊர்கள் பல உள்ளன. இரு நிலப்பகுதிகளிலும் நீர்நிலையே ஊர்ப்பெயராகியுள்ளது.

நீர்நிலையின் உறுப்புகளுக்கும் தனிப்பெயர்கள் இருந்தன. நீர் தேங்கும் குழிவுக்கு ‘ஆகர்’, அதற்கு நீர் தரும் நிலப்பரப்புக்கு ‘ஆகோர்’, கரைக்குப் ‘பால்’, மிகைநீர் வழியும் வாய்க்கு ‘நேஷ்டா’ என்று பெயர். இறுதியாக உள்ளதற்கு நம் ‘கலிங்கு’ மிகச் சரியான இணை. ஆனால் ஆகோர் அவ்வளவு எளிதன்று. ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்று இன்று நாம் எழுதுவது பரப்பை மட்டும் சுட்டும். ஆகோர் என்பதோ காக்கப்படும் பரப்பு. அங்கு மலசலம் கழிப்பதும் செருப்புடன் நடப்பதும் தடுக்கப்பட்டிருந்தன. மழைக்கு முன் அந்நிலத்தைத் துப்புரவு செய்வது ஊரார் கடன். ஒரு நிலத்தை ஆகோர் என்று அழைத்தவுடனேயே இவ்விதிகள் அதன்மேல் படிந்தன. ‘ஊருணி’ என்னும் நம் பழஞ்சொல்லும் இத்தகையதே. ஊரார் உண்ணும் நீர் என்று சொல்லிலேயே விதி அமைந்திருப்பதால், அங்குக் குளிக்கலாகாது என்பதைத் தனியே கூற வேண்டுவதில்லை.

ஜோத்பூரைச் சூழ்ந்த பாறைநிலங்களில் கல் அகழ்தல் பெருகியபோது, நீர் கொணர்ந்த கால்வாய்கள் அறுபட்டன; ஆகோர்கள் சுரங்கக் குழிகளாயின. நில ஆவணங்களின் பார்வையில் அது தரிசு நிலத்தின் பயன்பாட்டு மாற்றம். பழைய சொல்லின் பார்வையில் அது விதிமீறல். எச்சொல்லால் நிலம் பதிவாகிறது என்பதே அதன் முடிவைத் தீர்மானித்தது எனலாம்.

4. வாவியும் டேங்க்கும்

ஆங்கில நூல்கள் பாவ்டி, ஜாலரா இரண்டையும் ஒரே சொல்லால் வழங்குகின்றன. அதன் வழியே தமிழில் இரண்டும் ‘படிக்கிணறு’ ஆகின்றன. பாவ்டி என்பது படிகள் வழியே இறங்கிச் சென்று நீர் முகக்கும் கிணறு. ஜாலரா என்பது மூன்று அல்லது நான்கு புறமும் படிகளமைந்த திறந்த குளம். பெரும்பாலும் நீராடலுக்கும் சடங்குகளுக்கும் உரியது. குடிநீர்க் கிணற்றையும் நீராடு குளத்தையும் ஒரே சொல்லால் குறித்தால் பயன்பாட்டு வேறுபாடு மறைகிறது.

பாவ்டி என்பது ‘வாபீ’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. குஜராத்தியில் அதுவே ‘வாவ்’. தமிழ் ‘வாவி’யும் அதே மூலத்தது. காஞ்சிபுரம் அருகே ஐயங்கார்குளத்தில் உள்ள படிக்கிணற்றை மக்கள் ‘நடவாவி’ என்பர். சித்திரா பௌர்ணமியன்று வரதராசப் பெருமாள் எழுந்தருளும் இடம் அது. நடந்து இறங்கத்தக்க வாவி என்னும் பொருளில் பாவ்டிக்கு இதனினும் பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைப்பது அரிது. இச்சொல் வழக்கில் இருக்க, ஆங்கிலத்தைப் பின்பற்றிப் புதுச்சொல் ஆக்க வேண்டுவதில்லை. ஜாலராவைப் ‘படிக்குளம்’ எனலாம்.

‘டாங்கா’ என்னும் சொல்லின் பயணம் இன்னும் சுவையானது. ஆங்கிலத்தின் ‘டேங்க்’ என்பது குஜராத்தி, மராத்தி ஆகியவற்றில் தொட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்தோ, போர்த்துகீசிய ‘தாங்கே’ என்பதிலிருந்தோ, இரண்டும் கலந்தோ எழுந்தது என்பர். மேற்கிந்தியாவில் மூடிய தொட்டியைக் குறித்த ஒலியுருவம், கும்பினி ஆட்சியின் ஆவணங்களில் தென்னகத்தின் ஏரி, கண்மாய், குளம், ஊருணி, தாங்கல், ஏந்தல் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. பாசனத்துக்குரியது எது, குடிநீர்க்குரியது எது, கோயிலுக்குரியது எது என்னும் வேறுபாடுகள் அந்த ஒரு சொல்லில் கரைந்தன. அதே சொல் இன்று தமிழில் மாடியிலுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் பெயராகத் திரும்பி வந்துள்ளது. ஒரு சொல் பல சொற்களை விழுங்குவதற்குக் குழாய் வரவேண்டும் என்பதில்லை. ஆவண மொழி மாறினாலே போதும் என்பதற்கு இது சான்று.

5. கால்வாயும் புதிய வழக்கும்

பாலையில் பஞ்சத்துக்கும் வகையுண்டு. தானியம் பொய்த்தால் ‘அன்கால்’, நீர் பொய்த்தால் ‘ஜல்கால்’, தீவனம் பொய்த்தால் ‘தின்கால்’, மூன்றும் பொய்த்தால் ‘திரிகால்’. 1899-1900இல் நேர்ந்த பெரும்பஞ்சம் விக்கிரம ஆண்டு 1956இல் வந்ததால், ஐம்பத்தாறு என்னும் எண்ணடியாகச் ‘சப்பனியா’ என்று இன்றும் நினைவுகூரப்படுகிறது. அப்பஞ்சத்தை இளவயதில் கண்ட பீகானேர் மன்னர் கங்கா சிங், சட்லெஜ் நீரைக் கொணரும் கங்கைக் கால்வாயை 1927இல் திறந்தார். பின்னர்ப் பொறியாளர் கன்வர் சேன் 1948இல் முன்மொழிந்த பெருந்திட்டத்துக்கு 1958இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே என்னுமிடத்திலிருந்து நீரெடுக்கும் இராஜஸ்தான் கால்வாய் அது. 1984இல் இந்திரா காந்தி பெயர் பெற்ற அக்கால்வாயிலிருந்து நீரேற்றுக் கால்வாய் வழியே 1990களின் பிற்பகுதியில் இமயத்து நீர் ஜோத்பூரை அடைந்தது. 1872இல் மழைநீருக்காக அமைந்த கைலானா, அந்நீரின் இறுதித் தேக்கமாயிற்று.

இந்நீர் பழைய மூவகையுள் எதிலும் அடங்காதது. உள்ளூரில் பெய்ததன்று, ஊறியதன்று, தோண்டி எடுத்ததுமன்று. மார்வாரியில் இது ‘நஹர் ரோ பாணி’, அதாவது கால்வாயின் நீர். முன்னைய தொடர்களில் நீரின் தன்மை பெயராயிற்று. இதில் நீர் வரும் வழி பெயராயிற்று. ‘நஹர்’ என்பதே பாரசீகம் வழி வந்த அரபுச் சொல். மூலத்தில் ஆற்றைக் குறிப்பது.

வழங்கும் துறையின் பெயரும் ஆராயத்தக்கது. பொதுச் சுகாதாரப் பொறியியல் துறை என்னும் பொருளுடைய நீண்ட இந்திப் பெயர் அதற்கு உண்டு. மக்கள் வழக்கிலோ அது ‘ஜலதாய் விபாக்’, அதாவது நீர் தரும் துறை. பெறுபவர் ‘உபபோக்தா’, அதாவது நுகர்வோர். தருபவர், நுகர்பவர் என்னும் இவ்விணையில் ‘காப்பவர்’ என்பதற்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 1971இல் அமைந்த வாரியத்தின் பெயரிலுள்ள ‘குடிநீர்’ என்னும் சொல் பயனை முன்னிறுத்துவது ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் காத்தல் பெயரில் இல்லை.

மொழிநிலையும் இதற்குத் துணைபோயிற்று. நீர்ச்சொற்கள் வாழ்ந்தது மார்வாரியில். துறையின் கோப்புகள் எழுந்தது இந்தியிலும் ஆங்கிலத்திலும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மார்வாரியை இந்தியின் கீழ் அடக்குகிறது. சாகித்திய அகாதெமி இராஜஸ்தானியைத் தனிமொழியாக ஏற்றுள்ளது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் அது இன்னும் இடம்பெறவில்லை. சீதாராம் லாளஸ் தொகுத்த பேரகராதியில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இராஜஸ்தானிச் சொற்கள் உள்ளன. அகராதியில் உள்ள சொல் ஒப்பந்தப் புள்ளியிலும் நிலப்பதிவிலும் வாராதபோது, விதியாக இயங்கும் ஆற்றலை இழக்கிறது.

கால்வாய் நீர் பெருந்துயரை நீக்கியது என்பதை மறுப்பதற்கில்லை. குடம் சுமந்து நெடுந்தொலைவு நடந்த பெண்களின் உழைப்பைச் சொற்செல்வம் என்று போற்றி மறைத்துவிடுவது ஆய்வு நேர்மையாகாது. எனினும் அதன் விளைவு ஒன்று எண்ணத்தக்கது. கால்வாய் நீர் வந்தபின் நகரக் கிணறுகளிலும் நடவாவிகளிலும் நீர் முகப்பார் இல்லை. 1990களின் இறுதியிலிருந்து பழைய நகரில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, வீடுகளின் நிலவறைகளில் நீர் புகுந்தது. ஒருபுறம் தொலைதூர நீரை மின்விசையால் மேலேற்றுவதும், மறுபுறம் காலடியில் ஊறும் நீரைச் சாக்கடையில் இறைப்பதும் ஒரே நகரில் நிகழ்ந்தன. ‘பாதாள் பாணி’ என்று பெயர் பெற்றிருந்த செல்வம், பெயரிழந்தபின் தொல்லையாயிற்று.

புதிய சொற்களும் பிறந்தன. அவற்றுள் முதன்மையானது ‘நஹர்பந்தி’, அதாவது கால்வாய் அடைப்பு. செப்பனிடும் பொருட்டு மார்ச் முதல் மே வரையிலான காலத்தில் கால்வாய் மூடப்படுவதைக் குறிப்பது இது. 2022இல் இவ்வடைப்பு ஏறத்தாழ இரு மாதங்கள் நீடித்தது. அவ்வாண்டு ஏப்ரலில், அண்டை நகரான பாலிக்கு ஜோத்பூரிலிருந்து தொடர்வண்டியில் நீர் அனுப்பப்பட்டது. ஜல்கால் மழை பொய்த்ததால் வருவது. நஹர்பந்தி நாட்காட்டியின்படி வருவது. ஆனால் வெப்பமும் அதே நாட்காட்டியில்தான் உள்ளது.

6. வெப்பத்தின் பெயர்கள்

ஜோத்பூருக்கு வடக்கேயுள்ள பலோதியில் 19.5.2016 அன்று 51 பாகை செல்சியசு பதிவாயிற்று. இந்தியாவில் பதிவான உச்ச வெப்பநிலைகளில் முதன்மையாகக் குறிக்கப்படுவது அது. மரபில் மே இறுதியில் கதிரவன் உரோகிணியில் நுழைந்ததும் வரும் ஒன்பது நாள் ‘நௌதபா’ எனப்படும். தமிழர் கார்த்திகை விண்மீனையொட்டி ‘கத்திரி’, ‘அக்கினி நட்சத்திரம்’ என்பர். இரண்டும் நாளைச் சுட்டுவன. மக்கள் பணிநேரத்தை மாற்றிக்கொள்ளப் பயன்பட்டன.

வானிலைத்துறையின் ‘வெப்ப அலை’ அளவைச் சுட்டுவது. சமவெளியில் உச்ச வெப்பநிலை 45 பாகையை எட்டினால் வெப்ப அலை, 47ஐ எட்டினால் கடும் வெப்ப அலை. இயல்பிலிருந்து விலகும் அளவைக் கொண்டும் அது கணிக்கப்படும். இந்தி அறிவிப்புகளில் இதற்கு ‘லூ’ என்னும் சொல்லும் வழங்குகிறது. லூ என்பது பகலில் வீசும் வறண்ட வெங்காற்று. வெப்பத்தால் ஒருவர் வீழ்ந்தால் ‘லூ அடித்தது’ என்பர். தமிழில் ‘வெயில் தாக்கியது’ என்கிறோம். ஒரு மொழி காற்றையும் மற்றொன்று வெயிலையும் காரணமாக்குகிறது. இரண்டிலும் பாதிப்பு வெளியில் நிகழ்வது. தகரக் கூரையின் கீழ், இரவு முழுதும் தணியாத வெப்பத்தில், குடிக்க நீர் குறைந்து வீழ்ந்த முதியவரை எந்தக் காற்றும் தீண்டவில்லை. எந்த வெயிலும் தாக்கவில்லை. ஆகவே அவருடைய இறப்பை வெப்பத்தின் கணக்கில் சேர்க்கக் குடும்பத்தாருக்கும் தோன்றுவதில்லை. இங்கு மொழிபெயர்ப்பாளரின் சொல் உயிர்க் கணக்கைத் தொடுகிறது. ‘வெப்பத்தாக்கு’ என்னும் சொல் காற்றையும் வெயிலையும் சாராதது. அறிவிப்புகளில் அதனையே ஆள்வதும், ‘வீட்டினுள்ளும், இரவிலும்’ என்று உடன் சேர்த்து எழுதுவதும் நன்று. ஈரப்பதம் மிக்க நாள்களுக்கு இந்தியில் ‘உமஸ்’, தமிழில் ‘புழுக்கம்’ உள்ளன. அவற்றை வெப்ப அலையினின்று பிரித்தாள வேண்டும்.

2010ஆம் ஆண்டின் கடும் வெப்பத்துக்குப்பின் அகமதாபாத் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. ஜோத்பூரிலும் 2023இல் அத்தகைய திட்டம் வெளிவந்தது. இவ்வகைத் திட்டங்களில் ‘குடிநீர் வழங்கும் இடங்கள்’ என்னும் தொடர் தவறாது வரும். மார்வாரியிலும் இந்தியிலும் அதற்குப் ‘பியாவூ’ என்னும் சொல் உண்டு. வடமொழியில் அது ‘பிரபா’; அசோகரின் ஏழாம் தூண் கல்வெட்டு வழிநெடுகக் கிணறுகளுடன் நீருண்ணும் இடங்களையும் குறிப்பிடுகிறது. தமிழில் அது ‘தண்ணீர்ப் பந்தல்’. பந்தல் என்பதில் நிழலும் தண்ணீர் என்பதில் தாகநீக்கமும் உள்ளன. வைப்பவர் ஒருவர் உண்டு என்பதும், வழிப்போக்கர் எவராயினும் கேட்காமல் பருகலாம் என்பதும் சொல்லோடு வருகின்றன. ‘குடிநீர் வழங்கு மையம்’ என்று பெயர்த்தால், நிழலும் உரிமையும் ஒருசேர நீங்கும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று நெறிகளைத் தொகுக்கலாம். முதலாவது, நீர்ச்சொல்லைப் பெயர்க்கும்போது வடிவத்தைவிட அதனோடு ஒட்டிய விதியை நோக்க வேண்டும். இரண்டாவது, மூலமொழியின் வேறுபாடுகளை ஆங்கிலப் பொதுச்சொல்லின் வழியே கரைத்துவிடாமல் நேரடியாகத் தமிழின் வட்டார வழக்கில் தேடவேண்டும். நடவாவி, கலிங்கு, ஊருணி, ஊறல் போன்றவை அவ்வாறு கிடைப்பவை. மூன்றாவது, வெப்பம் பற்றிய அறிவிப்புகளில், பாதிப்பு எங்கு நிகழ்கிறது என்பதைச் சொல் மறைக்கலாகாது.

சொற்களை மீட்பதால் நீர் மீளாது. 2010களில் தூர்ஜீ கா ஜாலரா சேறகற்றிச் சீரமைக்கப்பட்டபோது அது காண்போர் கூடும் இடமாயிற்று; நகரின் தாகத்துக்கு அது விடையாகவில்லை. ஆயினும் நஹர்பந்தி நாள்களில் எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், எதனைக் கழுவப் பயன்படுத்தலாம், எந்தக் குளத்துக்கு எந்த நிலம் ஆகோர் என்னும் வினாக்களுக்கு விடை காணப் பழைய பகுப்புகள் இன்றும் உதவும். மார்வாரி, இந்தி, தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் நீர், வெப்பம் பற்றிய வழக்குச்சொற்களை அவற்றின் விதிகளோடு தொகுக்கும் பணி உடனடித் தேவை. அச்சொற்களை வழங்கிய கிணறு வெட்டுவோரும் குளங்காப்போரும் முதுமையடைந்துவரும் நிலையில், அத்தொகுப்பு அகராதிகளிலிருந்து அன்றிக் களத்திலிருந்தே தொடங்க வேண்டும்.